பெட்டிக்காரரின் பென்சில்

காரின் டிக்கிக்குள் இடுப்புவரை நுழைந்து படுத்திருந்த ஒயர்மேன், ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிபயரின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அளவுக்கு மீறிச் சுட்டது. பாட்டின் ஒலியைக் கொஞ்சம் ஏற்றியதும் அதன் பச்சை விளக்கு சிவப்பாக மாறியது; பக்கத்திலிருந்த, அடித்தொனியை எழுப்பும் பெரிய சப்வூஃபர் பெட்டி, பேச்சின் நடுவே வாயைப் பொத்தியது போல அடங்கிப் போயிற்று.

அந்தக் கார் ஒரு ஒப்பந்தக்காரருடையது. தம் வண்டிகள் அத்தனைக்கும் ஒயர்மேன் வேலை பார்க்கும் இந்தக் கடையிலேயே பாட்டுப்பெட்டி மாட்டுகிறவர் என்பதால், அவர் குரல் கேட்டால் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். வண்டியில் அவர் சொன்ன குறைகள் இரண்டு. ஒலியை ஏற்றினால் பேஸ் என்கிற அடித்தொனி நின்றுவிடுகிறது; அது ஒன்று. எஞ்சின் ஓடும்போது முன்பக்கச் சிறிய ஸ்பீக்கர்களில் கொசு பறப்பது போல மெல்லிய இரைச்சல் வருகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது, அது மற்றொன்று.

முதல் குறையை ஒயர்மேன் வெகு சுலபமாகப் பிடித்துவிட்டார். சப்வூஃபரின் ஒயர்களைக் கழற்றி, பையில் எப்போதும் வைத்திருக்கும் டார்ச் செல்லை அவற்றின் முனையில் தொட்டார். ஸ்பீக்கரின் கூம்பு அவர் விரல்களை மெல்ல முட்டி எழுந்தது. ஸ்பீக்கருக்கு ஒன்றுமில்லை. பிறகு மீட்டரை வைத்து எர்த் ஒயரைத் தொடர்ந்து போனார். அதைச் சீட்டுக்கு அடியில், பெயின்ட் அடித்த தகட்டின் மேலேயே யாரோ முறுக்கிவிட்டிருந்தார்கள். இணைப்பைத் தடுத்த பெயின்டைச் சுரண்டி, தகடு பளபளக்கும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கினார். இப்போது எவ்வளவு ஏற்றினாலும் விளக்கு பச்சையாகவே நின்றது. பெட்டியின் மேல் கையை வைத்தார். தாளம் உள்ளங்கையில் புறப்பட்டு முழங்கை வழியாகத் தோள்வரை ஏறி வந்தது. அந்தச் சத்தத்துக்கு அவருக்குக் காதே வேண்டியதில்லை.

இரண்டாவது குறைக்குத்தான் காது வேண்டும். அது அவரிடம் இல்லை.

ஒரே நாளில் போனதல்ல அது. ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு வண்டியிலும் ஒலியை உச்சிக்கு ஏற்றிச் சோதிப்பதுதான் அந்தக் கடையின் வழக்கம். உள்ளே உட்கார்ந்து கேட்பது அவர் வேலை. ஆரம்பத்தில் வீட்டுக்குப் போன பின்பும் காதில் ஒரு ரீங்காரம் இருக்கும், காலையில் மறைந்துவிடும். பிறகு மறையவில்லை. பிறகு, உலகத்தின் மெல்லிய ஓசைகள் ஒவ்வொன்றாக விடைபெறத் தொடங்கின. எதிரில் நின்று பேசுகிறவரின் தடித்த குரல் கேட்கும். பாதியைக் காதால் கேட்டு, மீதியை உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்வார். ஒருநாள் அடுப்படிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், குக்கர் விசில் மேல் விசிலாக அடித்து அடிப்பிடித்துக் கருகும்வரை அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர்க் குடத்துடன் ஓடிவந்த மனைவி அடுப்பை அணைத்தாள். அன்றிலிருந்து அவரைக் கூப்பிடுவதில்லை, தோளைத் தொடுகிறாள்.

டாக்டரிடம் காட்டச் சொல்லி ஒரு மாதம் மன்றாடினாள். "காட்டினா அதுக்கு ஒரு பேர் வெச்சிடுவாங்க. பேர் இல்லாத வரைக்கும்தான் வேலை," என்றார் அவர். அந்த வேலையை நம்பித்தான் வீட்டு வாடகையும் மகளின் படிப்பும் ஓடின. அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடையில் இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்காரர். சப்வூஃபருக்கான மரப்பெட்டிகளைப் பின்கட்டில் அறுத்துச் சேர்ப்பவர். ஒயர்மேனைவிட ஆறேழு வயது மூத்தவர். முதுகு வலியால் அவரால் பிளைவுட் பலகையைத் தூக்க முடியாது. முதலாளி பார்க்காத நேரத்தில் ஒயர்மேன்தான் தூக்கி மேசையில் வைப்பார். "நீ எனக்கு முதுகு, நான் உனக்குக் காது. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறும்," என்று பெட்டிக்காரர் ஒருமுறை சிரித்தார். அதிலிருந்து ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. சோதனை நேரத்தில், பெட்டி அதிர்கிறதா என்று பார்ப்பது போல அவர் பின்சீட்டில் ஏறிக்கொள்வார். இரைச்சல் இருந்தால் பென்சில் கையிலேயே இருக்கும். போய்விட்டால் அதைக் காதில் செருகிக்கொள்வார். ஒயர்மேன் ஸ்டியரிங்குக்கு மேலே தொங்கும், பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

இந்த இரைச்சலின் மூலமும் ஒயர்மேனுக்குப் புரிந்துதான் இருந்தது. பாட்டு வரும் கேபிளும் பேட்டரி ஒயரும் ஒரே பக்கமாக, ஒன்றையொன்று உரசிக்கொண்டு கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடின. சீட்டுகளையெல்லாம் இறக்கி, கார்ப்பெட்டை முழுசாகத் தூக்கி, ஒன்றை மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். அரைநாள் கேட்டார். முதலாளி கண்ணாடி அறையிலிருந்தே முடியாது என்று கையை ஆட்டினார். வெளியே ஒப்பந்தக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்குச் சீட்டைப் பிரித்துக் காட்டுவதா என்பது முதலாளியின் கேள்வி. எட்டிய இடத்தில் மட்டும் ஒயர்களைப் பிரித்துக் கட்டிவிட்டு, ஒயர்மேன் எஞ்சினைப் போட்டார். ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்தார். கண்ணாடியில் பெட்டிக்காரரின் முகம் தெரிந்தது. சற்று நேரம் இவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

வண்டி போயிற்று. மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தது.

"வழி பூரா கொசு, கொசு. என் பொண்ணு காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கா. இதத்தான் சரி பண்ணினீங்களா?" என்றார் ஒப்பந்தக்காரர். குரலை உயர்த்தவில்லை. தாமே கேட்கப் போவதாகச் சொல்லி முதலாளி முன்சீட்டில் ஏறினார். ஒப்பந்தக்காரர் பின்னால் ஏறினார். ஒயர்மேன் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தபடி, பெட்டி அதிர்கிறதா என்று பார்க்கப் பெட்டிக்காரரும் இருக்கட்டும் என்றார். மரத்தூள் படிந்த சட்டையுடன் அவர் ஓரமாக ஒண்டிக்கொண்டார். கதவுகள் சாத்தப்பட்டன.

ஒயர்மேன் மிதித்தார். கண்ணாடியைப் பார்த்தார்.

ஒப்பந்தக்காரர் முகத்தைச் சுளித்து, ஒரு விரலைக் காதுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்திலேயே, வெகு நிதானமாக, பெட்டிக்காரர் பென்சிலை எடுத்துக் காதில் செருகினார்.

மிதித்த கால் மிதித்தபடியே இருந்தது. கண்ணாடியில் அந்த இரண்டு காதுகளையும் ஒயர்மேன் மாறி மாறிப் பார்த்தார். சமீபத்தில் குறை தீராமல் திரும்பி வந்த வண்டிகள் நினைவுக்கு வந்தன. வாடிக்கையாளர் கூட இருந்தபோதெல்லாம் பெட்டிக்காரர் தவறியதே இல்லை. அவர் காதால் கேட்காமல், பக்கத்தில் இருந்த வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். யாருமில்லாத நேரத்தில், இதே கண்ணாடியில் ஒயர்மேனின் முகத்தைப் பார்த்து, அந்த முகம் எந்தப் பதிலுக்கு ஏங்குகிறதோ அந்தப் பதிலைத் தந்திருக்கிறார். இன்று கண்ணாடியில் ஒயர்மேனையே பார்த்திருந்ததில், பக்கத்து ஒப்பந்தக்காரரின் முகத்தைக் கவனிக்கத் தவறிவிட்டார்.

"ஆஃப் பண்ணு," என்று முதலாளி தோளில் தட்டினார். "நேத்து இதக் கேட்டுப் பாத்து அனுப்பினது யாரு?"

உண்மை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பெட்டிக்காரரின் கை முன்சீட்டின் முதுகைப் பிடித்திருந்தது. ரம்பம் கொண்டுபோன விரலின் பாதி அங்கே இல்லை.

"நான்தாங்க."

"அப்ப இந்தச் சத்தம் உனக்குக் கேக்குதா, இல்லியா?"

"கேக்கலிங்க முதலாளி."

ஒப்பந்தக்காரர், பாட்டுக் கடையில் செவிடனை வைத்துப் பிழைக்கிற சாமர்த்தியம் எல்லாருக்கும் வராது என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். முதலாளியின் கழுத்து சிவந்தது. அவர் திட்டவில்லை. கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, மீட்டரை மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"இங்கதான் போச்சுங்க முதலாளி. வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு."

"அதோ மாட்டி வெச்சிருக்கேனே. போடாதேன்னு நானா சொன்னேன்?"

சுவரில் ஆணியடித்து, காதுகளை மூடிக்கொள்ளும் கவசம் ஒன்று தொங்கியது. எந்த வருஷமோ சோதனை அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று வாங்கிவந்தது. பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. ஒருமுறை அதை ஒயர்மேன் கேட்டதுண்டு. "அதப் போட்டுக்கிட்டு நீ எப்படிச் சத்தம் பாப்ப?" என்று அன்று இதே வாய்தான் கேட்டது. அதை இப்போது ஒயர்மேன் நினைவுபடுத்தவில்லை.

பின்கட்டில் ஒயர்மேன் தம் பையில் கத்தியையும் டார்ச் செல்லையும் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பெட்டிக்காரர் வந்து நின்றார்.

"தம்பி, நான் சொன்னதாச் சொல்லியிருக்கலாமே நீ," என்றார், பின்கட்டே அதிரும்படி.

"மெதுவாப் பேசுங்கண்ணே. முதலாளிக்குக் கேக்கும்." ஒயர்மேன் அவர் உதட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "எப்பலேருந்து?"

"ரம்பத்துக்கிட்ட நிக்கிறவனுக்கு எப்பலேருந்துன்னு என்ன கணக்கு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

பெட்டிக்காரர் தரையிலிருந்த மரத்தூளைக் காலால் ஒதுக்கினார். "சொன்னா, அப்புறம் நீ யாரோட காத நம்புவ? யாரு எனக்குப் பலகை தூக்குவா?"

ஒயர்மேன், சுவரோரம் சாய்த்திருந்த முழுப் பலகைகளில் மூன்றை ஒவ்வொன்றாகத் தூக்கி அறுக்கும் மேசைமேல் அடுக்கினார். அதற்குமேல் மேசை தாங்காது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்பக்கம் வந்தார்.

அதற்குள் வேறொரு கடையிலிருந்து வரவழைத்த ஆள் ஒப்பந்தக்காரரின் காரில் வேலையைத் தொடங்கியிருந்தான். கட்டுமஸ்தான உடம்பு, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கேட்ட அரைநாளை முதலாளி மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டிருந்தார். சீட்டுகள் நான்கும் வாசலில் வரிசையாக இறக்கி வைக்கப்பட்டிருந்தன. கார்ப்பெட் முழுசாக உரித்துச் சுருட்டப்பட்டிருந்தது. ஒயர்மேன் வாசலுக்கு எதிரில், சாலையின் மறுபக்கத்து வேலி ஓரம் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போனால் மனைவி தோளைத் தொடுவாள். திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

வெயில் சாய்ந்தபோது கேபிள் மறுபக்கத்துக்கு மாறியிருந்தது. சீட்டுகள் ஏறின. புதியவன் உள்ளே உட்கார்ந்து கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றினான். கதவைச் சாத்தினான். ஒலி உச்சிக்குப் போனதும் கார் முழுவதும் நடுங்குவது சாலைக்கு இந்தப் பக்கம்வரை தெரிந்தது. வேலிக் கம்பியைப் பிடித்திருந்த ஒயர்மேனின் உள்ளங்கையில் அந்தத் தாளம் மெலிதாக வந்து சேர்ந்தது.

பிறகு முதலாளி பின்கட்டைப் பார்த்துக் கையசைத்தார். இரைச்சலுக்கு இரண்டு காதாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். பெட்டிக்காரர் வந்து, வழக்கம்போலப் பின்சீட்டில் ஏறினார். எஞ்சின் புகை விட்டது. பின்கண்ணாடி வழியாக அவருடைய நரைத்த தலை தெரிந்தது. அது முன்னால் சாய்ந்து, கண்ணாடியில் புதியவனின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தது. பழக்கமில்லாத முகம். பென்சில் பிடித்த கை பாதி உயர்ந்து, காதுக்கும் மடிக்கும் நடுவில் அப்படியே நின்றது.