சிவப்புத் தொலைபேசியில் குவான் டிம்யூனின் குரல்

"கத்தாதேம்மா, கஸ்டமர் காதுல விழும்—"

"இங்கே கஸ்டமரே கிடையாதுப்பா, இது கலைக்கூடம், நீங்க கிளம்பி வீட்டுக்கு—"

"—வாய் இல்லாம எப்படிப் போறது? கொண்டாந்து வச்சவளே நீதானே!"

டெல்மா குவான் சண்டை போட்டது அப்பாவின் குரலோடு மட்டும்தான். அப்பா டிம்யூன் அந்நேரம் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில் வெல்பர்ன் என்ற சிற்றூரில், தன் உணவகத்துச் சமையலறையில் பன்றி இறைச்சியை மாவில் புரட்டிக்கொண்டிருந்தார். கண்காட்சி திறந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் குரல் அவரை விட்டுக் கிளம்பி, ரெஜைனா நகரத்துக் கலைக்கூடத்தில் மகள் வைத்த சிவப்புத் தொலைபேசிக்குள் குடியேறிவிட்டது. அன்று வெல்பர்னில் லேசான தூறல். கோதுமை விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

சீனர்களின் ஆங்கிலத்தைக் கேலி செய்கிறவர்கள் வெட்கப்பட வேண்டும், அதற்காகத்தான் டெல்மா அந்தப் படைப்பைச் செய்தாள். தொலைபேசியை எடுத்தால் டிம்யூன் ஆர்டர் கேட்பார். கூடம் முழுக்க அது கேட்கும். "கடையில பேசற மாதிரியே பேசுங்கப்பா" என்று சொல்லித்தான் பதிவு செய்தாள். வந்தவர்கள் வெட்கப்படவில்லை, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதைப் பற்றிக் குரலிடம் பொருமியபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. டிம்யூன் பன்னிரண்டு வயதில் சீனாவிலிருந்து வந்து வெல்பர்ன் பள்ளியிலேயே படித்து முடித்தவர். ஊர் நூலகத்தில் அவர் படிக்காத ஆங்கிலப் புத்தகம் குறைவு. வீட்டில் தாய்சான் என்ற சீனப் பேச்சு மட்டும் என்பதால் மகள் கேட்ட ஆங்கிலமெல்லாம் கல்லாப்பெட்டியடியில் கேட்டதுதான்.

"ஒடச்சு ஒடச்சுப் பேசினா சிரிப்பாங்க, இன்னும் ரெண்டு முட்டை ரோல் வாங்குவாங்க. நீயும் அதையேதான் கேட்டே. பெத்த மகள் கேக்கறப்போ ரெண்டு மடங்கா ஒடச்சுக் குடுக்க வேணாமா?" என்றது குரல்.

மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். குரல் பேசிக்கொண்டேதான் இருந்தது. கலைக்கூடம் படைப்பை நிரந்தரமாக வாங்கியிருந்ததால், அதிலிருந்து ஒரு திருகாணிகூட வெளியே போகக் கூடாதென்று ஒப்பந்தத்தில் இருந்தது. குரலில்லாத டிம்யூனுக்குக் காது கேட்டாலும், வெல்பர்ன்காரர்கள் வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டப் பழகிக்கொண்டார்கள். சமையல் முன்னைவிட நன்றாயிருக்கிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

மூன்றாம் வருஷம், நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகக் கடையைப் பூட்டிவிட்டு டிம்யூன் பஸ் ஏறினார். வெளுத்த சட்டையும் கழுத்துப்பட்டையுமாக வந்து, தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள்.

"ஹலோ! ஆடர் சொல்லு!" என்றது குரல். அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். "சத்தமா சொல்லு சார்! கேக்கல! பன்னி வேணுமா, கோழி வேணுமா?"

முப்பது பேரும் சிரித்தார்கள். குரலுக்குக் கண் கிடையாது. 'அது நீங்கதாம்ப்பா' என்று டெல்மா குரலிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்ட, இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்ததென்று நினைத்து கலைக்கூட இயக்குநர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் தலை தாழ்த்தி நன்றி சொன்னாள். டிம்யூன் தொலைபேசியை மெல்ல வைத்துவிட்டு நாலரை மணி பஸ்ஸில் ஊர் திரும்பினார்.

அப்புறம் ஆறு வருஷம் வாய் திறக்காமலே சமைத்து, ஒரு மார்ச் மாதம் இறந்துபோனார். ஊரே வந்து அடக்கம் செய்தது. குரல் மட்டும் பழையபடி பத்து முதல் ஐந்து வரை ஆர்டர் எடுத்தது. கலைக்கூடத்துக்காரர்களுக்கு அதில் எதுவும் புதிதாகப் படவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள், அப்பா இறந்ததைக் குரலிடம் சொல்லிவிடுவதென்றே டெல்மா வந்து நின்றாள். காலடிச் சத்தத்தை வைத்தே குரல் அவளைக் கண்டுகொண்டது. அவள் வாயெடுக்குமுன் வீட்டுப் பேச்சில், அவளுடைய வீட்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டது:

"ஏம்மா லின், அன்னைக்கு ஒரு மனுஷர் பேசாமலே நின்னுட்டுப் போனாரே, பாவம், அவருக்கு என்ன வேணுமாம்? நீயாவது கேட்டியா?"