இழவு வீட்டில் விடைபெற்றவர்

இழவு வீட்டில் அழலாம், புரளலாம், பந்தல்காலைப் பிடித்துத் தொங்கலாம். கிளம்பும்போது மட்டும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. மறுபடி வருவதற்கு இன்னொரு சாவு விழ வேண்டுமே! சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவ வேண்டும். காரைக்குடிப் பக்கம் கழுதைக்குக்கூட இது தெரியும். எங்கள் புதுவயல் அரிசி ஆலை மேனேஜர் ஞானசம்பந்தம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில், இதைத்தான் சொல்லித் தொலைத்தார்.

முதலாளி அழகுசுந்தரம் செட்டியார் காலமாகியிருந்தார். துக்கம் கேட்டுவிட்டு எழுந்த சம்பந்தம், பழக்கதோஷத்தில், செட்டியாரின் மனைவி சிகப்பி ஆச்சியைக் கும்பிட்டு, "அப்ப நான் போயிட்டு வாரேன் ஆச்சி" என்றார். ஒப்பாரிச் சத்தத்தில் பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

வெளியே வந்ததும், "செத்தேன்யா! ஆச்சி காதுல விழுந்துருக்குமா?" என்றார்.

"இடி விழுந்திருந்தாலே கேட்டிருக்காது."

"அப்புறம் ஏன் மூக்கைத் துடைச்சாக?"

"புருசன் செத்தா மூக்கு ஒழுகாதாய்யா?"

கருமாதி கழிந்ததும், மேனேஜராக யார் இருப்பது என்று செட்டியாரின் மகன் நாகநாதன் சொல்லப்போகிறார். அந்த வேலை போனால் சம்பந்தம் வீட்டில் அடுப்பெரியாது. போதாதா? ஆச்சி மூக்கைத் துடைத்ததை அவர் மனசு லட்சம் தடவை ஓட்டிப் பார்த்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆச்சியின் முறைப்பு கூடிக்கொண்டே போய், கடைசியில் ஆச்சிக்குக் கோரைப்பல்லே முளைத்துவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே "போயிட்டு... போயிட்டு..." என்று முனகுவார். "போறதுன்னா கையைக் கழுவிட்டுப் போங்க" என்பாள் அவர் மனைவி சொர்ணவல்லி.

அரவை மெசினில் நெல் தீர்ந்தால் நிறுத்திவிடுவோம். ஓடவிட்டால் தன்னையே அரைத்துக்கொள்ளும். மனசுக்கு அந்த சுவிட்சு கிடையாது. கேட்டதா, கேட்கவில்லையா என்று தெரியாதவரை, இன்னும் ஒரு தடவை ஓட்டினால் தெரிந்துவிடும் என்று நம்பி ஓட்டிக்கொண்டே இருக்கும், கிறுக்கு. இதைச் சொன்னபோது சம்பந்தம் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே, "இருந்தாலும் மூக்கைத் துடைச்சாகளே" என்றார்.

கருமாதி முடிந்து நாகநாதன் அவரைக் கூப்பிட்டனுப்பினார். நானும் தொற்றிக்கொண்டேன், இந்த வேடிக்கையை விடுவேனா? ஆச்சி தூணில் சாய்ந்திருந்தார்.

"வாங்க சம்பந்தம். அப்பச்சி இருந்தப்ப மாதிரியே நீங்களே ஆலையைப் பாத்துக்கங்க." நாகநாதன் சாவிக்கொத்தை நீட்டினார்.

சம்பந்தத்தின் கை நீண்டது. பாதியில் நின்றது.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிப்புடுறேன் மொதலாளி. அன்னைக்கு வாய் தவறி ஆச்சிக்கிட்ட, போயிட்டு வாரேன்னு சொல்லிப்புட்டேன். ஆச்சி மனசுல வச்சுக்கக் கூடாது."

நான் இழுத்த இழுப்பில் அவர் வேட்டி கிழிந்ததுதான் மிச்சம்.

"எப்பச் சொன்னீக?" என்றார் ஆச்சி. அன்றைக்கு அவருக்கு ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. இப்போது தெளிவாகக் கேட்டுவிட்டது. "வாரேன்னா, யாருக்கு வாரீக? எனக்கா, எம்மகனுக்கா?"

"ஐயையோ, அப்படியில்லை ஆச்சி, பொதுவா..."

"பொதுவாவா!"

நாகநாதன் சாவிக்கொத்தை மடியில் செருகிக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்த சம்பந்தம் மறுநாள் உச்சிப்பொழுதுவரை விட்ட குறட்டையில் ஓடு பெயர்ந்தது. தீர்ப்புதான் வந்துவிட்டதே, இனி மனசுக்கு என்ன வேலை? நெல் அவிக்கும் களத்துக்குக் கூலிக்குப் போனது சொர்ணவல்லி.

தூக்கம் தொலைந்தது ஆச்சிக்கு. மகன் தும்மினால் போதும், "அந்தச் சம்பந்தம் தெருவுல நிக்கிறானா பாருடி" என்று வேலைக்காரியை விரட்டுவார். யாருமில்லை என்று அவள் திரும்பி வந்தால், "நல்லாப் பாத்தியா?" என்று மறுபடி அனுப்புவார்.