நெய் டின் அத்தி

என் தோட்டத்தின் முதல் படம் இருபத்தேழு வருஷத்துக்கு முந்தையது. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் வரைந்தது. அப்போது நான் இர்பித் நகரத்துப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்துக்கொண்டு, வீட்டின் பின்பக்கத்து வெற்று மண்ணைத் துல்லியமாக அளந்திருந்தேன். சமையலறை ஜன்னலுக்கு நேரே எலுமிச்சை. மேற்கு மதிலை ஒட்டி மாதுளை. நடுவில் கம்பிப் பந்தல் மேல் திராட்சை. பந்தலுக்குக் கீழே நான் உட்கார ஒரு நாற்காலி. நாற்காலிக்கு நான்கு கால்களையும் வரைந்திருந்தேன், அவ்வளவு நிச்சயம் எனக்கு.

வீடு கட்டி முடித்த களைப்பில் தோட்டத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினோம். அடுத்த வருஷம் என்பது நல்ல நிலம். அதில் எதை வேண்டுமானாலும் நடலாம், தண்ணீரே ஊற்ற வேண்டாம்.

முடித்த வீடு என்று சொன்னேனே, எங்கள் ஊரில் யாரும் வீட்டை முடிப்பதில்லை. மொட்டை மாடியில் தூண் கம்பிகளை ஓர் ஆள் உயரத்துக்கு நீட்டியபடியே விட்டுவிடுவோம். மகனுக்குக் கல்யாண வயது வந்ததும் அந்தக் கம்பிகளைத் தொட்டுக்கொண்டு மேலே இன்னொரு வீடு எழும்பும். எனக்கு இரண்டு மகன்கள். கம்பி நீள்வது மேலேதான். தின்பதோ கீழே இருக்கும் மண்ணை.

மூத்தவன் முஃதஸிமின் வீடு சமையலறைக்கு மேலே எழும்பியது. வெளிப்படிக்கட்டு சரியாகப் படத்திலிருந்த எலுமிச்சையின் தலையில் வந்து உட்கார்ந்தது. நான் படத்தை மாற்றி வரைந்தேன். இரண்டு குடும்பமானதும் கழிவுநீர்த் தொட்டி போதவில்லை. பெரிதாக ஒன்று தோண்டினார்கள். மாதுளையும் திராட்சையும் போயின. மறுபடி வரைந்தேன். பிறகு அவனுடைய காருக்கு ஒரு கொட்டகை.

யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. பிடுங்கியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் முன்னால் வந்து நின்று, "உங்களுக்குச் சம்மதந்தானே உம்மா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் "செய்ங்க" என்று இந்த வாயால்தான் சொன்னேன்.

செடிகள் என் படத்துக்காகக் காத்திருக்குமா? கிடைத்த கன்றுகளையெல்லாம் காலி நெய் டின்களிலும் ஆலிவ் எண்ணெய் டின்களிலும் வைத்தேன். அடியில் ஆணியால் நாலு ஓட்டை, அவ்வளவுதான். தோட்டம் வரும்வரைக்கும் தற்காலிகமாக. வியாழக்கிழமை ஒருநாள்தான் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வரும். அன்று தொட்டி நிரப்பியது போக மிஞ்சியதும், அரிசி களைந்த தண்ணீரும் டின்களுக்கு. டின்னில் வளர்ந்த என் எலுமிச்சைக்குப் பதினோரு வயது. உயரம் என் முழங்கால் அளவு.

அத்தி மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. உடன் வேலை பார்த்த நுஸ்ஹா டீச்சர் ஒரு குச்சியை ஒடித்துக் கொடுத்தாள். என் கணவர் தைசீர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார், அத்தி வீட்டின் அஸ்திவாரத்தைத் தின்னும், மண்ணில் வைக்கக் கூடாது என்று. சரி என்று ஒரு நெய் டின்னில் செருகிக் கழிவுநீர்த் தொட்டியின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன். பாதி நாள் தண்ணீர் ஊற்ற மறந்தும்போவேன். அதுவோ என் தலைக்கு மேல் வளர்ந்து மூன்று கோடையாகப் பழம் கொடுத்தது. என் கைராசி என்று தெரு முழுக்கத் தட்டுத் தட்டாகக் கொடுத்துப் பெருமையடித்துக்கொண்டேன்.

கடைசியாக இளையவன் லைத்தின் முறை வந்தது. முப்பத்திநாலு வயது. நிச்சயமாகி நாலு வருஷம் ஆகிவிட்டது. தனி வாசல் இருந்தால்தான் பெண்ணை அனுப்புவோம் என்கிறார்கள் அவள் வீட்டில். தப்பென்று சொல்ல மாட்டேன். எனக்கு மகள் இருந்தால் நானும் அதையேதான் கேட்பேன். அவன் வீடு முன்பக்கம், விருந்தாளி அறைக்கு மேலே வருகிறது. அதற்கு ஏறும் படிக்கட்டுக்கு மிச்சமிருந்தது பின்பக்கத்தில் எட்டடிக்குப் பதினைந்தடி மண். என் ஐந்தாவது படத்தில் அந்த இடத்தில் ஓர் எலுமிச்சை, கொஞ்சம் புதினா, ஒரு நாற்காலி. இப்போதெல்லாம் நாற்காலிக்குக் கால் வரைவதில்லை.

"உங்களுக்குச் சம்மதந்தானே உம்மா?"

"செய்ங்க," என்றேன். எனக்கு அறுபத்திமூன்று வயது. மறுப்பதற்கும் தெம்பு வேண்டும்.

மேஸ்திரி ஷஹாத்தா எகிப்துக்காரர், பேச்சுக்காரர். ஒரு காலையில் இரண்டு ஆட்களோடு வந்து டின்களை நகர்த்த ஆரம்பித்தார். எலுமிச்சை ஒரு கையில் வந்தது. அத்தி வரவில்லை. இரண்டு பேர் பிடித்தார்கள், அசையவில்லை. குனிந்து பார்த்தால் டின்னுக்கு அடியே இல்லை, துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. என் மணிக்கட்டுப் பருமனுக்கு ஒரு வேர் சிமெண்டு வெடிப்பில் இறங்கி, நேராகக் கழிவுநீர்த் தொட்டியின் பக்கம் போயிருந்தது.

"ஹாஜியம்மா, உங்க மரம் சும்மா சொல்லக் கூடாது, நல்லா வாழ்ந்திருக்கு. ரெண்டு குடும்பத்துச் சாப்பாடு," என்றார் ஷஹாத்தா.

தெருவுக்குக் கொடுத்த பழத் தட்டுகளை நினைத்தேன். அதை யாரிடமும் சொல்வதாக இல்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. நான் இருபத்தேழு வருஷம் எல்லோரையும் கேட்டுக் கேட்டுப் படம் போட்டேன். இது ஒருவரையும் கேட்காமல் இறங்கிவிட்டது.

படிக்கட்டின் அஸ்திவாரம் சரியாக அங்கேதான் வருகிறது, வேரை அறுத்தே ஆக வேண்டும், அறுத்தால் மரம் பிழைக்காது என்றார் ஷஹாத்தா. ரம்பத்தை லைத் வாங்கிக்கொண்டான். வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்தான்.

"இந்தத் தடவை எங்கிட்ட கேக்காதே," என்றேன். "வெட்டணும்னா நீயே வெட்டு. சம்மதம் சொல்லிச் சொல்லி நான் அலுத்துட்டேன்யா."

அவன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். தைசீர் வெளியே வந்து வேரைப் பார்த்து, தான் அன்றைக்கே சொன்னதாகச் சொன்னார். குடும்பத்துச் சண்டையில் மாட்டிக்கொள்ள விரும்பாத ஷஹாத்தா, ஒரு வாய் தேநீர் கிடைக்குமா என்று கேட்டார்.

சமையலறைக் கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் காலையிலிருந்தே வேலையாட்களிடம் கிடந்தன. நல்ல கோப்பைகளை எடுக்க விருந்தாளி அறையைத் திறந்தேன். பூட்டு இறுகிப்போயிருந்தது. போன பெருநாளைக்குத் திறந்தது. அதற்கு முன் என் மாமியாரின் துக்கத்துக்கு. இழுத்துமூடிய திரைகள், வெள்ளை விரிப்பு போர்த்திய பதினெட்டு தங்கப்பூச்சு நாற்காலிகள், விருந்தாளிகள் வீட்டுப் பெண்களைக் கடக்காமல் வந்துபோகத் தெருவைப் பார்த்து ஒரு தனி வாசல். பழக்கதோஷத்தில் தரை ஓடுகளை எண்ணினேன். பதினாறடிக்கு இருபதடி. கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தவை லைத்தின் கம்பிகள்.

கோப்பையை விட்டுவிட்டு நோட்டைத் தேடி எடுத்தேன். ஐந்து படங்கள். எலுமிச்சை, மாதுளை, பந்தல் எல்லாம் அழித்து எழுத வசதியாகப் பென்சிலில். இந்த அறையின் சுவர் மட்டும் ஐந்திலும் பேனாவில். யாரும் என்னை அப்படி வரையச் சொல்லவில்லை.

அவமானமாக இருந்தது. வராத விருந்தாளிகளுக்கு இருபதடியைப் பூட்டி வைத்துக்கொண்டு, எட்டடிக்காக மனசுக்குள் அழுதுகொண்டிருந்தவள் நான்தான்.

எல்லோரையும் உள்ளே கூப்பிட்டேன். "படி இந்த ரூமுக்குள்ள வரட்டும்," என்றேன். "வாசல்தான் இருக்கே."

ஷஹாத்தா கூரையை அண்ணாந்து பார்த்தார், காலால் இரண்டு முறை தரையை அளந்தார். முன்னாலேயே சொல்லியிருந்தால் அரை வேலை மிச்சம் என்றார். லைத் அப்பாவைப் பார்த்தான்.

தைசீருக்கு முகம் வெளுத்துவிட்டது. விருந்தாளி அறை இல்லாத வீட்டை அவர் வீடாகவே நினைத்ததில்லை. எப்போதும்போல் மூத்தவனின் உம்மா என்றே என்னைக் கூப்பிட்டார். "உம்மு முஃதஸிம், நாலு பேர் வந்தா எங்க உக்கார வைப்பே? நாளைக்கு நான் மௌத்தாப் போனா, துக்கத்துக்கு வர்றவங்க எங்க உக்காருவாங்க?"

"அத்தி மரத்தடியில உக்காரட்டும்."

அவர் ஒரு நாற்காலியின் விரிப்பை உருவிப் போட்டார். அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். சிமெண்டுத் தூளுக்கு நடுவே, அந்த அடியில்லாத டின்னின் பக்கத்தில் வைத்தார்.

"உக்காந்து பாரு," என்றார். "எத்தனை பேருக்கு நிழல் வருதுன்னு சொல்லு."

உட்கார்ந்தேன். என் ஒரு முழங்காலுக்கு வந்தது.

"நீங்க இன்னும் பத்து வருஷம் இருந்தாகணும்," என்றேன்.