எல்ராயின் பறக்கும் சட்டங்கள்

முதல் பனி விழுவதற்குள் அந்த மிஷினில் உருப்படியாக ஒரு பொருள் செய்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மிஷின் கராஜுக்கு வெளியே, கார் உள்ளே. லவோன் தன் புருஷன் எல்ராய்க்கு விதித்த கெடு இது. மைனாட் ஊரில் குளிர்காலத்தில் காரை வெளியே நிறுத்தினால் காலையில் அது கார் இல்லை, ஐஸ்கட்டி. நாளைக்குப் பனி என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்.

மிஷின் என்பது ஒரு மேசை. நடுவில் ஓட்டை, ஓட்டையில் சுற்றும் கத்தி. கட்டையைத் தள்ளினால் ஓரத்தை வளைவாகச் சீவித் தரும். படத்துக்குச் சட்டம் போட நாலு கட்டை போதும். எல்ராய் ஏழு வைத்திருந்தார். வலமிருந்து இடமாகவே தள்ள வேண்டும் என்று கூட வந்த புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பெரிய எழுத்தில் போடுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது, நாற்பது வருடம் லாரி ஓட்டிய எல்ராயின் எண்ணம்.

"கத்தி சுத்துற பக்கமாப் போனா சுளுவு. எதிர்த்துத் தள்ளச் சொல்றான்னா, கரண்டு கம்பெனிக்காரன் காசு குடுத்திருக்கான்."

இடமிருந்து தள்ளினார். கத்தி கட்டையைக் கவ்விப் பிடுங்கியது. கட்டை, திறந்திருந்த கராஜ் கதவு வழியாக, சாலையைத் தாண்டி, எதிர்வீட்டு கர்ட்டிஸ் ஊர்சுற்றப் போகும்போது தங்குகிற கேம்பர் வண்டியில் போய்ச் செருகி நின்றது. எல்ராய் விரல்களை எண்ணினார். பத்தும் இருந்தன.

கர்ட்டிஸ் வந்தான். "யோவ், உன் கட்டை என் வீட்டுக்கு வந்திருக்கு."

"வந்தா உக்கார வச்சு காபி குடு."

"அடுத்தது எப்பன்னு சொல்லு, வண்டிய நகத்திக்கறேன்."

நகர்த்தினான். பிறகு மடக்கு நாற்காலியை ஓரமாகப் போட்டு உட்கார்ந்துவிட்டான். இரண்டாவது கட்டை தபால் பெட்டியைச் சாய்த்தபோது நாலு நாற்காலிகள் ஆகியிருந்தன. மூன்றாவதுக்குள் யாரோ சூடாக உருளைக்கிழங்கு கேசரோல் கொண்டுவந்து பரிமாறினார்கள்.

"எழுவது மைல் வேகம் இருக்கும்டா!"

"இவரு லாரியே அந்த வேகம் போனதில்ல!"

மீதி நாலே கட்டை. எல்ராய் ஒன்றை எடுத்து மறுபடியும் இடப்பக்கம் வைத்தபோது லவோன் வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"நகரு."

நின்றபடியே புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள்.

"படிக்காத லவோன், அதத்தான் அவனுங்க எதிர்பாக்கறானுங்க!"

அவள் கண்ணாடி மாட்டினாள், சட்டைக் கையைச் சுருட்டினாள், பிளக்கைச் செருகினாள். கட்டையை வலமிருந்து, கை கத்திப் பக்கம் போகாமல், ஒரு தள்ளுகட்டையால் மெதுவாகத் தள்ளினாள். சுருள்சுருளாகச் சீவல் விழுந்தது. நாலு கட்டையும் வழவழவென்று வந்தன. ஒன்றுகூடப் பறக்கவில்லை.

"என்னா லவோன், இப்படிக் கெடுத்துட்ட!" என்று நாற்காலிகளை மடக்கிக்கொண்டு எல்லாரும் கிளம்பினார்கள்.

"பாத்தியா," எல்ராய் நெஞ்சை நிமிர்த்தினார். "உருப்படியா ஒண்ணு வந்திடுச்சு. மிஷின் உள்ளதான் இருக்கணும்."

"இருக்கட்டும். நாளைக்கு நான் அலமாரி செய்யப் போறேன். காரு வெளியவே நிக்கும். காலைல ஐஸைச் சுரண்டறது நீ."

எல்ராய் அண்ணாந்து பார்த்தார். வானம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. அதுவும் அவள் கட்சிதான்.