காதைப் பொத்து, வாயைப் பார்

மனைவியின் விரல் நுனிகளில் காய்ந்திருந்த பசையை அவர் உரித்துக்கொண்டிருந்தார். அது கண்ணாடித் தாள் போல மெல்லிய தோலாக வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அவளுடைய ரேகை அப்படியே பதிந்திருந்தது. ஒவ்வொன்றாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"விடுங்க மாமா. ஈரத்துணியால நான் துடைச்சு விடுறேன்," என்றாள் கொழுந்தியாள்.

"வேணாம். தண்ணி பட்டா கரைஞ்சிடும்."

 அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

கட்டிலுக்கு மேலே கூரையிலிருந்து காகிதக் கிளிகள் நூலில் தொங்கின. பச்சை, மஞ்சள், பழைய காலண்டரில் செய்தவை, மருந்துச் சீட்டில் செய்தவை. மின்விசிறி சுற்றச் சுற்ற அவையும் சோம்பலாகத் திரும்பின. அறை முழுக்க அவற்றின் நிழல் நீந்தியது. எல்லாம் ஒன்றாம் வகுப்புக்காக அவள் செய்தவை. இதயம் பழுதாகி வீட்டோடு கிடந்த இந்த நாட்களிலும் டீச்சரின் கை சும்மா இருக்கவில்லை. பாட்டில் மூடியில் கடிகாரம், தீக்குச்சியில் கூட்டல் கணக்கு, கிழித்த காகிதத்தில் கிளி.

ஆம், கிழித்ததுதான். வகுப்பில் ஒரு வாண்டு இன்னொன்றின் ஜடையை நறுக்கிவிட்டதால் தலைமையாசிரியர் கத்தரிக்கோலுக்குத் தடை போட்டுவிட்டார். "கத்திரி போனா நகம் இருக்கு," என்று அவள் மடித்த காகிதத்தில் கோடு போட்டு, கோட்டை ஈரவிரலால் தடவி, மெதுவாகக் கிழிக்கச் சொல்லிக்கொடுத்தாள். "காகிதத்துக்கே தெரியக் கூடாது, அவ்வளவு மெதுவா."

அவரை மட்டும் அதைத் தொட விட்டதில்லை. "இரும்பு கடையற கை அது. நீங்க தள்ளி உக்காந்து வேடிக்கை பாருங்க, போதும்."

விடியற்காலையில் அவர் அப்படித்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். தலையணையில் சாய்ந்து ஏதோ காகிதத்தோடு மெனக்கெட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஒரே ஒரு சொல் சொன்னாள். பிறகு தலை சாய்ந்துவிட்டது.

அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்த கொழுந்தியாள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "கடைசியா என்ன மாமா சொன்னா?"

"கிலின்னு சொன்னா."

"ஐயோ, பயந்துட்டாளா! கரப்பான்பூச்சியை வெறுங்கையால பிடிக்கிறவளாச்சே எங்கக்கா!"

"அந்தக் கிலி இல்லம்மா. கிலி."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"இல்ல... கிலி. பறக்குமே, அதுவா இருக்கலாம். இல்லேன்னா கிலிக்கிறது. இல்லேன்னா நீ சொல்றதாவும் இருக்கலாம்."

"மாமா, உங்க வாயில மூணும் ஒண்ணாத்தானே வருது!"

இது இன்று வந்த வழக்கில்லை. கல்யாணமான புதிதில், "மலை வருது, சீக்கிரம் வந்துடு," என்று பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தவர் அவர். "மலையே கிளம்பி வந்தா நான் எங்கே ஓடறது?" என்று அவள் சிரித்தது பக்கத்து வகுப்பு வரை கேட்டதாம். "தமிழ் பெத்த பிள்ளைங்க மூணு. நீங்க மூணுக்கும் ஒரே சட்டையை மாட்டிவிடறீங்க," என்பாள். நாக்குதான் மடியாது என்றால் காதும் சரியில்லை. லேத் பட்டறையின் இரைச்சல் நுணுக்கமான சத்தங்களை எல்லாம் எப்போதோ தின்று தீர்த்திருந்தது.

வந்தவர்களெல்லாம் வந்தார்கள், போனார்கள். "வலி தெரியாத சாவு," என்றார்கள். அவர் தலையாட்டினார். ஆனால் உள்ளே அந்த ஒரு சொல் திருகாணி மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது. பயந்தாளா? கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேனே, என்னைப் பார்த்துப் பயமென்று சொன்னாளா? நான் சும்மா வேடிக்கை பார்த்தேனா?

பிற்பகலில் இரண்டாம் வகுப்பு டீச்சர் ஒன்றாம் வகுப்பை அழைத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து ரயில்வண்டி போல உள்ளே வந்து கட்டிலருகே நின்றார்கள். கொஞ்ச நேரம் கட்டிலில் கிடந்த தங்கள் டீச்சரைப் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொரு தலையாக மேலே நிமிர்ந்தது. கிளிகளைப் பார்த்தபடி நின்றார்கள்.

அவர் இரண்டாம் வகுப்பு டீச்சரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். தயங்கித் தயங்கி, அந்தச் சொல்லையும்.

"அவங்க வகுப்புல இது ஒரு விளையாட்டுங்க," என்றார் டீச்சர். "கிளின்னா கையை விரிச்சுப் பறக்கணும். கிழின்னா காகிதத்தைக் கிழிக்கணும். கிலின்னா பெஞ்சுக்கு அடியில ஒளியணும். தப்பாச் செஞ்சா அவுட்."

"எப்படிக் கண்டுபிடிக்கும் பிள்ளைங்க? எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது."

"கேக்கவே கூடாதுங்க. அதான் விளையாட்டு." டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "உங்க டீச்சர் என்ன சொல்லுவாங்க?"

"காதைப் பொத்து, வாயைப் பார்!" என்றது மொத்த ரயிலும்.

 அவர் கட்டிலருகே இருந்த முக்காலியில் உட்கார்ந்து இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார்.

"சொல்லச் சொல்லுங்க."

"மாமா, இது என்ன விளையாட்டு, இந்த நேரத்துல!"

"விளையாட்டுதாம்மா," என்றார்.

உலகம் அடங்கியது. தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எதிரே சின்னச் சின்ன வாய்கள் ஒன்றாகத் திறந்தன. பால் பல் விழுந்த சந்துகளில் நாக்கு நுனிகள் இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தன. உடனே பாதி வகுப்பு சிதறிக் கட்டிலுக்கு அடியில் புகுந்தது. அது கிலி.

மீண்டும் வாய்கள் திறந்தன. இப்போது நாக்கு நுனி எங்கேயும் தெரியவில்லை. உள்பக்கம் மடிந்து மறைந்திருந்தது. கைகள் விரிந்தன. நிழல் கிளிகளுக்கு நடுவே பிள்ளைகள் சத்தமில்லாமல் பறந்தார்கள்.

மூன்றாவது முறையும் நாக்கு மறைந்தது. காகிதம் இல்லாத விரல்கள் காற்றைக் கிழித்தன. மெதுவாக, காற்றுக்கே தெரியாமல்.

அவர் கண்ணை மூடினார். காதுதான் கெட்டதே தவிர, கண் கெடவில்லை. மயிரிழை வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தே கடைந்தவர். விடியற்காலை வெளிச்சம், தலையணை, நிமிர்ந்த முகம், திறந்த வாய். பல்லுக்குப் பின்னால் நாக்கு நுனி இருந்ததா? இல்லை. அங்கே நிழல்தான் இருந்தது. நாக்கு உள்ளே போயிருந்தது. அது கிளிக்கு அண்ணத்தைத் தொட்டதா, கிழிக்குத் தொடாமல் நின்றதா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

யாரோ முழங்காலைத் தட்டினார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பொடிசு, தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்து நின்றது. கையில் விசிறி மடிப்பாக மடித்த பச்சைக் காகிதம். மேல் மடிப்பில் பென்சிலால் அரைக் கிளி. வாலில் தொடங்கி முதுகு வழியாகப் பாதி கிழிபட்டு, அலகுக்கு முன்னால் நின்றிருந்தது. அந்த இடத்தில் காகிதம் கொஞ்சம் கசங்கியிருந்தது. விரலில் தெம்பில்லாமல் அவள் திரும்பத் திரும்ப முயன்றிருக்க வேண்டும்.

"இதைக் கிழிக்கலாமா?" என்று அந்த வாய் கேட்டது தெரிந்தது.

அவர் காதிலிருந்து விரலை எடுத்தார். வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்ற சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க மாமா," என்றாள் கொழுந்தியாள்.

"இரும்மா. என்னைத்தான் கிலிக்கச் சொன்னா."

ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக் கோட்டின் மேல் தடவினார். காகிதம் இளகக் காத்திருந்தார். நகத்தை வைத்தார். பட்டறையில் கடைசி இழை எடுக்கும்போது மூச்சை அடக்குவது போல அடக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அலகு வளைவைச் சுற்றி வந்தார்.  வாசலுக்கு வந்த ஆட்களும் செருப்போடு அங்கேயே நின்றார்கள்.

மிச்சக் காகிதம் கையோடு வந்தது.

"பிரிங்க," என்றது பொடிசு.

ஒரு முனையை அது பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தது. சிறகோடு சிறகு ஒட்டிய கிளிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து கட்டிலைத் தாண்டின. எல்லாக் கிளிக்கும் அலகின் நுனி கொஞ்சம் மொண்ணையாக இருந்தது.

"மூக்கு சரியில்ல," என்றார் அவர்.

"பரவால்ல மாமா," என்றாள் கொழுந்தியாள்.

பிள்ளைகள் இடையிடையே வந்து ஆளுக்கொரு கிளியின் கீழே கை கொடுத்தார்கள். பச்சை வரிசை கதவு வரை போனது. இந்த முனையை வைத்திருந்த அவர் விரல்களில் பசையின் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. காகிதத்தை விட நினைத்தபோது அது வரவில்லை.

மின்விசிறியின் காற்றில் கிளிகள் ஒருமுறை எழும்பி அமர்ந்தன.