சித்தப்பா காலமானார்

ஆழ்வாப்பிள்ளையின் மூச்சு நின்றபோது அறையில் இருந்தவர்கள்: மனைவி நல்லம்மா, கால்மாட்டில். மருமகள் பரிமளம், கையில் பால் கரண்டியோடு. தம்பி அப்புத்துரை, யன்னலடியில். அப்புத்துரையின் மனைவி யோகம்மா, கதவு நிலையைப் பிடித்தபடி. ஒரு பூனையும் இருந்தது. அதை யோகம்மா காலால் தள்ளி வெளியே விட்டாள்.

ஒரே மகன் தியாகலிங்கம் ஜேர்மனியில் இருந்தான். அவன் அங்கே சொல்லியிருந்தபடி, அவனுடைய தகப்பனை ஆமி சுட்டு நாலு வருடமாகிவிட்டது.

பரிமளம் கரண்டியில் மிஞ்சிய பாலைக் கிண்ணத்திலேயே திரும்ப ஊற்றினாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. நல்லம்மா அழவில்லை. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டத் துணி கேட்டாள். பரிமளம் தன் பழைய சீலையின் கரையைக் கிழித்துக் கொடுத்தாள். முடிச்சுப் போட்டுவிட்டு நல்லம்மா நிமிர்ந்தாள்.

"பிள்ளைக்குத் தந்தி அடியுங்கோ."

அப்புத்துரை பரிமளத்தைப் பார்த்தார்.

அகதியாக ஏற்கச் சொல்லிக் கேட்பவன் அங்கே ஒரு கேஸ் சொல்ல வேண்டும். தியாகுவிடம் உண்மையான கதையே இருந்தது. கலவரத்தில் இரத்தினபுரியில் அவன் வேலைக்கு நின்ற கடை எரிந்தது, அவன் மதில் பாய்ந்து தப்பியது, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தது. அது போதாது என்றார்கள் அவனுக்கு முதல் போனவர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்லுகிறார்களாம். வீட்டில் ஒரு சாவு இருந்தால் நல்லது என்றார்களாம். அவனிடம் சாகக் கொடுப்பதற்கு இருந்தது தகப்பன்தான்.

ஆழ்வாப்பிள்ளைக்கு அது கசெற்றில் வந்தது. தியாகு கடிதம் எழுதமாட்டான், பேசி அனுப்புவான். அப்பா குறை நினைக்கக்கூடாது என்று தொடங்கி, வாழைத்தோட்டத்துக்குள் ஓடும்போது அவரை ஆமி முதுகில் சுட்டதாக விசாரணையில் சொல்லியிருப்பதாகச் சொன்னான். ஆழ்வாப்பிள்ளை கசெற்றை நிற்பாட்டச் சொன்னார்.

"வாழையோ? எங்கட சுருவில் ஊர் உப்புத் தண்ணிக்கு ஆர் வாழை வைக்கிறது? புகையிலைத்தோட்டம் எண்டு சொல்லியிருக்கலாம், விசரன்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் முதுகில? நான் ஏன் ஓடுறன்?" என்றார்.

அதற்குப் பிறகு அது அவருக்குப் பகிடியாகிவிட்டது. யாராவது சுகம் கேட்டால், "செத்தவனுக்கு என்ன சுகம்?" என்பார். மீன் பொரியல் ருசியாக இருந்தால், "எனக்குப் படைக்கிறதெண்டா இதைப் படையுங்கோ" என்பார். நல்லம்மா நெற்றியில் அடித்துக்கொள்வாள். போன கிழமை மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகும் பரிமளத்தைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவனுக்குச் சொல்லாதை பிள்ளை. ரெண்டாந்தரம் செத்தா ஆர் நம்புவினம்?"

பரிமளம் அதை மாமிக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இப்போது உதவியிருக்கும்.

"என்னெண்டு அடிக்கிறது மச்சாள்?" அப்புத்துரை கேட்டார். "அப்பா மோசம் போனார் எண்டோ?"

"வேறென்னெண்டு?"

"தந்தியை அவற்ற கையில குடுக்கமாட்டினம், மாமி." பரிமளம் சொன்னாள். "அவையள் இருக்கிற விடுதியில வாசலடியில ஒரு பலகை கிடக்காம். அதில குத்தி விடுவினமாம். மொழிபெயர்க்க வாறவரும் அதாலதானே போய் வாறவர். அடுத்த மாசம் விசாரணை. அது முடியட்டும். பிறகு சொல்லுவம்."

"அடுத்த மாசமோ?" நல்லம்மா அவளைப் பார்த்தாள். "அவன் நிக்கிறது கடைக் குசினியில. மாடும் பண்டியும்தான் சட்டியில. தேப்பன் சுடலையில வேக, பிள்ளை அங்க இறைச்சி தின்னிறதோ? முழுகாமல், துடக்குக் காக்காமல்?"

"தெரியாமல் தின்னிறது பாவமில்லை, மாமி."

"உனக்குத் தெரியுமே, பிள்ளை."

பரிமளம் பால் கிண்ணத்தை ஓரமாக வைத்தாள். அவனுடைய கேஸ் வென்றால்தான் அவளும் அங்கே போகலாம்; அவளுக்குப் போகவேண்டும். அதை அவள் தனக்குத்தானே ஒளித்துக்கொண்டதில்லை. கலியாணம் முடித்து அவனோடு வாழ்ந்தது ஒரு மாரிகாலம். மிச்சமெல்லாம் கசெற். அந்தக் குரலும் வரவர மாறிக்கொண்டிருந்தது. முதல் கசெற்றில் குளிர் குளிர் என்று அழுதான். பிறகு சப்பாத்து வாங்கின கதை: எப்படிப் பார்த்து வாங்குவது, எந்தக் கடையில் ஏமாற்றுகிறார்கள். பிறகு கோப்பை கழுவும் வேலை, ஒரு அறையில் நாலு பேர், யார் எப்போது சமைப்பது என்ற சண்டை. கடைசிக் கசெற்றில் ஓம் வரவேண்டிய இடத்திலெல்லாம் ஜேர்மன்காரரின் "யா" வந்தது. "ஆரோட கதைக்கிறான்?" என்று நல்லம்மா கேட்டாள். அதில்தான் அவன் இதையும் சொன்னான்: "அப்பா செத்த கதையை முதல் சொல்லேக்க நாக்குக் கூசினது. இப்ப சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வருது." அந்த இடத்தில் ஆழ்வாப்பிள்ளை தலையாட்டினார். பிழைத்துக்கொள்வான் என்ற மாதிரி.

"அப்ப ஒண்டு செய்வம்," பரிமளம் சொன்னாள். "என்ர மாமா ஒராள் மோசம் போட்டார் எண்டு அடிப்பம். அவருக்கும் ஒரு செய்தி போனதாயிருக்கும்."

"மண்ணாங்கட்டி போகும்." அப்புத்துரை யன்னலை விட்டு வந்தார். "உன்ர மாமனுக்கு அவன் ஏன் துடக்குக் காக்கிறான்? அச்சா மனிசன், பாவம் எண்டு சொல்லிப்போட்டு அடுத்த நேரம் கோழிக்கால் கடிப்பான்." தமையனின் முகத்தைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றார். "என்ர பேரைப் போடு பிள்ளை."

"சின்ன மாமா!"

"சித்தப்பன் செத்தாலும் முப்பத்தொண்டு நாள் துடக்கு, அப்பன் செத்தாலும் முப்பத்தொண்டு. அவன் எனக்கெண்டு முழுகட்டும். எனக்கெண்டு மச்சம் மாமிசம் விடட்டும். அது போற இடத்துக்குப் போய்ச் சேரும்."

யோகம்மா கதவு நிலையிலிருந்து உள்ளே வந்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரோ? உயிரோட நிக்கிற மனிசனைத் தந்தியில சாகக் குடுக்கிறதோ? என்ர கழுத்தைப் பாருங்கோ!" தாலிக்கொடியை வெளியே இழுத்துக் காட்டினாள்.

"அண்ணை நாலு வருசமாச் செத்திருந்தவர். அவருக்கு ஒண்டும் நடக்கேல்லையே."

"இண்டைக்கு நடந்துபோச்சே!"

நல்லம்மா கீழே குனிந்து கட்டிய முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். அது இறுக்கமாகத்தான் இருந்தது.

"யோகம், நீ ஓமெண்டால்தான்," என்றாள்.

யோகம்மா செத்தவரைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டாள்.

"இங்கிலீசில அடியுங்கோ. தமிழில ஒருதரும் எழுதப்படாது."

பரிமளம் இங்கிலீசில் எழுதிக் கொடுத்தாள். சித்தப்பா அப்புத்துரை காலமானார். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அப்புத்துரை அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். இந்தியன் ஆமியின் சோதனைக் காவலடியில் இறங்கி ஏறி அவர் திரும்பி வர வெயில் ஏறிவிட்டது. தபால் கந்தோரில் அம்புறோஸ் இருந்தான். பக்கத்துக் கரம்பொன் ஆள், ஊரில் எல்லாரையும் தெரிந்தவன்.

"வாசிச்சுப்போட்டு என்னைப் பாத்தான்," அப்புத்துரை முற்றத்தில் நின்று முகம் துடைத்தபடி சொன்னார். "அண்ணை, இது நீங்களெல்லோ எண்டான். ஓமெண்டன். எப்ப எடுக்கிறது எண்டு கேட்டான். பின்னேரம், வாரும் எண்டனான்."

பந்தல் போட வந்தவர்கள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். யோகம்மா சிரிக்கவில்லை.

அன்று ஒப்பாரி வைத்தவர்களில் அவள்தான் குரல் உடையும்வரை அழுதாள். மச்சானுக்காக இவ்வளவு அழுகிறாளே என்று வந்த பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அவள் யாருக்காக அழுதாள் என்பது பரிமளத்துக்குத் தெரியும். பரிமளத்துக்கு அழுகை வரவில்லை. கட்டிப்பிடித்த பெண்களின் தோளில் முகத்தை வைத்தபோதெல்லாம் அவள் கண்டது ஒரு பலகையை. அதில் குத்திய கடதாசியை. அதற்கு முன்னால் ஈரக் கையோடு நிற்கும் ஒருவனை. அவன் நம்புவானா என்று யோசித்தாள். நம்ப வேண்டும் என்று நினைத்தாள். பிறகு, நம்பக்கூடாது, எப்படியாவது விளங்கிவிட வேண்டும் என்றும் நினைத்தாள்.

குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, பறை முன்னால் போக, பின்னேரம் எடுத்தார்கள். பெண்கள் படலை வாசலோடு நின்றுவிட்டார்கள். சுடலையில் தந்தியில் செத்தவர் கொள்ளி வைத்தார்.

பிரேதம் போன பிறகு வீட்டைக் கழுவினார்கள். நல்லம்மா வாளியைப் பிடுங்கித் தானே தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் வாசல்படியால் வழிந்து மணலுக்குள் போனதும், "அவனுக்கு இப்ப கிடைச்சிருக்குமோ?" என்று கேட்டாள். மறுநாளும் அதையே கேட்டாள். "முழுகியிருப்பானோ? அங்க கிணறும் இல்லை." குழாய் இருக்கிறது, சுடுதண்ணீர் வரும் என்று பரிமளம் சொன்னாள். "சுடுதண்ணியில முழுகக் கூடாதெண்டு தெரியுமோ அவனுக்கு?"

மூன்றாம் நாள் காடாத்து. சாம்பலை மண்கும்பான் கடலில் கரைத்துவிட்டு அப்புத்துரை ஈர வேட்டியோடு வந்து வாங்குப் பலகையில் இருந்தார். யோகம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இந்த மூன்று நாளும் அவள் அவரைக் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு விட்டதில்லை. கடற்கரைக்கும் பின்னாலேயே போக வெளிக்கிட்டு, பேச்சு வாங்கி நின்றவள்.

"இருமினா என்ன, தும்மினா என்ன, ஓடி வந்து பாக்கிறா," அப்புத்துரை பரிமளத்திடம் சொன்னார். "செத்தபிறகுதான் எனக்கு மதிப்பு வந்திருக்கு."

"பேசாமல் குடியுங்கோ."

படலையில் சைக்கிள் மணி கேட்டது. அம்புறோஸ் இறங்கவில்லை. ஒற்றைக் காலை ஊன்றியபடி கையை நீட்டினான்.

"ஜேர்மனித் தந்தி, தங்கச்சி."

பரிமளம் ஓடிப்போய் வாங்கினாள். நின்ற இடத்திலேயே பிரித்தாள். இங்கிலீசில் நாலு வரி இருந்தது. வாசித்துவிட்டு மடித்தாள். திரும்பியபோது நல்லம்மா வாசலுக்கு வந்திருந்தாள்.

"வாசி."

"பெருந்துயரமெண்டு சொல்லியிருக்கிறார், மாமி." பரிமளம் தமிழில் சொன்னாள். "முழுகினவராம். விரதம் காக்கிறாராம்."

நல்லம்மா கண்ணை மூடித் திறந்தாள். தோள் இறங்கியது. யோகம்மா, "அப்பாடா," என்றாள்.

"மிச்சம்?"

"அவ்வளவுதான்."

"எனக்கு இங்கிலீசு தெரியாது. எண்ணத் தெரியும். தா பாப்பம்." நல்லம்மா தந்தியை வாங்கி விரித்து, விரலை ஒவ்வொரு வரியாக வைத்துக் கீழே வந்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. "இது என்ன?"

பரிமளம் அப்புத்துரையைப் பார்த்தாள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்பாவைத் தேற்றவும் எண்டு கிடக்கு, மாமி."

அம்புறோஸின் சைக்கிள் ஒழுங்கையில் போவது கேட்டது.

"விசரன்," என்றார் அப்புத்துரை. "நாங்கள் இஞ்ச என்னைச் சாகக் குடுத்து, இவளிட்டப் பேச்சு வாங்கி... அவன் தன்ர கையால அப்பனை எழுப்பி விட்டிட்டான். அதுவும் தந்தியில. காசு குடுத்து."

"அங்க அதை ஆரும் பாப்பினமோ?" யோகம்மா கேட்டாள்.

பரிமளத்துக்குத் தெரியவில்லை. வரும் தந்தியைப் பலகையில் குத்துவார்கள் என்பதுதான் தெரியும். போகும் தந்தியை யார் வாசிப்பார்கள், வாசித்தால் யாரிடம் சொல்லுவார்கள், அடுத்த மாதம் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் இதைக் கையில் வைத்திருப்பானா, ஒன்றும் தெரியவில்லை. அவள் போவதும் போகாததும் அந்த ஒரு வரியில் வந்து நின்றது. நாலு வருடமாக எந்த விசாரணையிலும் பிசகாமல் தகப்பனைச் சாகக் கொடுத்தவன், தலையில் தண்ணீர் வார்த்துவிட்டு, தம்பியை இழந்த தகப்பன் என்ன பாடுபடுவார் என்று நினைத்திருக்கிறான். அப்போது அவனுக்குக் கேஸ் நினைவில் இருக்கவில்லை. அதற்காக அவனைத் திட்டவேண்டும் போலிருந்தது.

"வேற தந்தி அடிக்கிறதோ, பிள்ளை?" அப்புத்துரை கேட்டார்.

"என்னெண்டு?"

அப்புத்துரை மிஞ்சிய தேத்தண்ணியை முற்றத்து மணலில் ஊற்றினார்.

நல்லம்மா தந்தியை அது வந்த மடிப்பிலேயே மடித்தாள். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். ஆழ்வாப்பிள்ளை கிடந்த அறைப் பக்கம் நடந்தாள். யோகம்மா எழும்பிப் பின்னால் போகப் பார்த்தாள்.

"எங்க மச்சாள் போறியள்?"

"அப்பாவைத் தேத்தச் சொல்லியிருக்கிறானெல்லோ."

நல்லம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பூட்டுக்குள் திறப்பு ஒருமுறை இறுகி, பிறகு திரும்பிப் பூட்டியது.