துவாய் வைத்திருந்தவன்

குத்துச்சண்டைக்காரனின் மூக்கு உடையலாம், புருவம் கிழியலாம், விரல் முட்டிகள் வீங்கலாம். முழங்கையில் தோல் உரிவதில்லை. முழங்கை தரையில் தேய்வதற்கு அந்த விளையாட்டில் இடமே கிடையாது. அதனால்தான் திங்கட்கிழமை பின்னேரம் பயிற்சி முடிந்து டிலக்சனின் கைக்கட்டுத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்த நஸ்ரி, அவனுடைய இரண்டு முழங்கைகளும் உரிந்து சிவந்திருப்பதைக் கண்டதும் நிறுத்தினான்.

"எங்க விழுந்தனி?"

"மோட்டார் சைக்கிளால."

"ரெண்டு முழங்கையும் தேஞ்சிருக்கு, உள்ளங்கைல ஒரு கீறலும் இல்லையே?"

"நீ என்ன பொலிசா? அவிழ்த்து விடடா, மச்சான்."

நஸ்ரி அவிழ்த்து விட்டான். வெளியே வந்ததும் மோட்டார் சைக்கிளை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் நேராக இருந்தன.

கிண்ணியாக்காரனான நஸ்ரிக்கு மீன் துறைமுகத்துக்குப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் வேலை. சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த டிலக்சன் படகு இயந்திரங்கள் திருத்துபவன். ஆறு வருடங்களாக டிலக்சன் மேடையில் ஏறும்போதெல்லாம் அவனுடைய மூலையில் நிற்பவன் நஸ்ரிதான். முக்காலி வைப்பான், தண்ணீர் கொடுப்பான், தோளில் வியர்வை துடைக்கும் வெள்ளைத் துவாய் போட்டிருப்பான். தன் ஆளால் இனித் தாங்க முடியாது என்று கண்டால் அந்தத் துவாயை உள்ளே எறிய வேண்டும். சண்டை அத்தோடு முடிந்துவிடும். ஆறு வருடத்தில் நஸ்ரி ஒருமுறைகூட எறிந்ததில்லை. அதை அவன் பெருமையாகவே சொல்லிக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை டிலக்சனோடு மோத இருந்தவன் சிந்துஜன். டோகாவில் காவல் வேலை பார்த்த காலத்தில் கலப்புச் சண்டை பழகித் திரும்பியவன். இப்போது நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் பின்வளவில் உல்லாசப் பயணிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். முதல் சுற்று கைக்குத்து மட்டும், அடுத்த இரண்டு சுற்றும் உதை, பிடி, நெரி எல்லாம் என்று ஏற்பாட்டாளர்கள் விதி வகுத்திருந்தார்கள். ஊரில் ஒரு வாரமாக வேறு கதையில்லை.

"குத்துச்சண்டைக்காரனைக் கீழ விழுத்தினா ஆமையைப் புரட்டிப் போட்ட மாதிரி," என்றான் தேநீர்க்கடை அன்ஸார், செவ்வாய்க்கிழமை காலை, பால் விடாத பிளேன்ரியை ஆற்றியபடி.

"விழுத்த முதல் கிட்ட வரவேணுமே," என்றான் நஸ்ரி. "கிட்ட வாறவனுக்குப் பல்லு மிஞ்சாது."

"கையை மட்டும் வச்சு நீங்க என்ன செய்வீங்க? அவனுக்குக் காலும் ஆயுதம், முழங்காலும் ஆயுதம்."

"ரெண்டு வேலை தெரிஞ்சவன் ஒரு வேலையையும் ஒழுங்காச் செய்யமாட்டான். கொழும்புச் சண்டை ஞாபகமிருக்கே? மூண்டாம் சுற்று முழுக்க அடி வாங்கியும் டிலக்சன் விழேல்ல. அந்த நெஞ்சு இவனிட்ட இருக்கா?"

"அதுக்குப் பிறகு தலை கலங்கி மூண்டு நாளா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டவனாமே?" அன்ஸார் குவளையை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அது கிடக்கட்டும். உன்ர ஆள் விடியக் காலமை நிலாவெளி ரோட்டில என்ன செய்யிறான்? மீன் கொண்டு வாற பொடியள் கண்டவங்களாம். சிந்துஜனும் டோகாவுக்கு ரெண்டு பேரை எடுக்கப்போறான் எண்டு கதை. செக்கியூரிட்டி வேலை, விசாவோட."

"விசர்க் கதை கதையாத."

ஆனால் புதன்கிழமை விடிந்ததும் நஸ்ரி நிலாவெளி பஸ்ஸில் இருந்தான்.

ஹோட்டலின் பின்மதில் அவனுடைய நெஞ்சு உயரம்தான். தென்னைகளுக்குக் கீழே நீல ரப்பர் விரிப்பு. அதன்மேல் டிலக்சன் மல்லாந்து கிடந்தான். சிந்துஜனின் கை அவன் கழுத்தைச் சுற்றியிருந்தது. டிலக்சன் உள்ளங்கையால் விரிப்பில் மூன்று முறை தட்டினான். உடனே சிந்துஜன் விட்டான். இருவரும் சிரித்தார்கள். பிறகு மறுபடியும் கழுத்து, மறுபடியும் மூன்று தட்டு. இதையே ஏழெட்டுத் தடவை செய்தார்கள்.

கலப்புச் சண்டையில் தட்டினால் தோல்வி என்பது நஸ்ரிக்குத் தெரியும். தோற்பதை இப்படி ஒத்திகை பார்க்கும் ஒருவனை அவன் கண்டதில்லை.

அவன் கூப்பிடவில்லை. திரும்பி வந்து, டிலக்சனின் மனைவி லோஜனா வேலை செய்யும் மருந்துக்கடைக்குப் போனான். கொழும்புச் சண்டைக்குப் பிறகு அவள் அவனோடு அளந்துதான் பேசுவாள்.

"தங்கச்சி, டிலக்சன் காலமையில எங்க போறவன்?"

"எனக்குத் தெரியும், நஸ்ரி நானா." அவள் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே சொன்னாள். "உங்களிட்டச் சொல்ல வேண்டாம் எண்டவர்."

டிலக்சன் விசாவுக்காகச் சண்டையை விற்றுவிட்டான் என்பதற்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று நஸ்ரி நினைத்தான். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பயிற்சியில் டிலக்சனின் ஒவ்வொரு அசைவும் அவனுக்கு நடிப்பாகத் தெரிந்தது. நேராகக் கேட்டுவிட அவனுக்கு மனம் வரவில்லை. ஓம் என்று பதில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு மூலையில் நிற்பது?

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மண்டபத்தின் பின்னறையில் டிலக்சனின் கைகளைக் கட்டும்போது கேட்கலாம் என்று வந்தான். அதுவும் நடக்கவில்லை. கட்டுக்குள் எதையும் ஒளிக்காமலிருக்க எதிர்த்தரப்பு ஆள் ஒருவன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், முடிந்ததும் ஒட்டுநாடாவில் கையெழுத்துப் போட வேண்டும். சிந்துஜனின் ஆள் கண்ணிமைக்காமல் நின்றான்.

"துவாய் கொண்டு வந்தனியா?" என்று டிலக்சன் கேட்டான். இதற்கு முன் அவன் அப்படிக் கேட்டதே இல்லை.

"எப்பவும் கொண்டு வாறதுதானே," என்றான் நஸ்ரி.

முதல் சுற்றில் டிலக்சன் தன் விளையாட்டைக் காட்டினான். இடது கை மூன்று முறை சிந்துஜனின் முகத்தில் இறங்கியது. மண்டபம் எழுந்து நின்று கத்தியது. நன்றாகத்தான் நடிக்கிறான் என்று நஸ்ரி நினைத்தான்.

இரண்டாம் சுற்றில் சிந்துஜன் குனிந்து கால்களைப் பிடித்து அவனைச் சாய்த்தான். விழுந்த குத்துச்சண்டைக்காரன் பத்து எண்ணுவதற்குள் எழும்பப் பழகியவன். டிலக்சனும் எழும்பத்தான் திரும்பினான். அப்படி முதுகைக் காட்டுவது மற்ற விளையாட்டில் கழுத்தைக் கொடுப்பதற்குச் சமம். சிந்துஜன் முதுகில் ஏறி, கையைக் கழுத்தில் சுற்றினான். இருவரும் பக்கவாட்டில் உருண்டார்கள். டிலக்சனின் இடது கை சிந்துஜனின் காலுக்குள் அகப்பட்டது. வலது கை இருவருடைய உடம்புக்கும் கீழே போய்விட்டது.

நடுவர் தலைப்பக்கம் முழங்காலிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்பக்கம் நஸ்ரியின் மூலை.

அங்கிருந்து அவனுக்குக் குதிகால் தெரிந்தது. அது தரையில் மூன்று முறை அடித்தது.

இதோ, என்று நினைத்தான் நஸ்ரி. நிலாவெளியில் பழகியது இதுதான். டோகாவுக்குப் போகிற வழி. நானும் துவாயை எறிந்து இதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாக்கும். அவன் மனதுக்குள் எண்ணத் தொடங்கினான். கள்ளன் என்றால் இப்போது கையை இழுத்துத் தட்டுவான். ஒன்று. இரண்டு.

"நஸ்ரி நானா! எறியுங்கோ!" முன்வரிசையிலிருந்து லோஜனா கத்தினாள்.

குதிகால் இன்னொரு முறை அடித்தது. பிறகு ஒருமுறை, மெதுவாக. பிறகு அது அடிக்கவில்லை. கால்விரல்கள் தளர்ந்து விரிந்தன. விரல்களால் நடிக்க முடியாது என்று நஸ்ரிக்கு அப்போதுதான் உறைத்தது. துவாய் கயிறுகளுக்கு மேலாகப் பறந்து நடுவரின் முதுகில் விழுந்தது.

பின்னறையில் டிலக்சன் நீள வாங்குப் பலகையில் கிடந்தான். மருத்துவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். சிந்துஜன் கதவடியில் வந்து நின்றான்.

"கையால தட்டத்தான் சொல்லிக் குடுத்தனான், மச்சான். ரெண்டு கையும் மாட்டுப்பட்டா என்ன செய்யிறது எண்டு காட்ட மறந்து போனன்," என்றான். "நீங்க சுகமா இருந்தாப் போதும்." போய்விட்டான்.

நஸ்ரி அருகில் உட்கார்ந்தான். "நான் மதிலுக்கு மேலால பாத்தனான். தோக்கப் பழகிறாய் எண்டு நினைச்சன். நீ வித்துப்போட்டாய் எண்டு."

"நிப்பாட்டப் பழகினனான்." டிலக்சனின் குரல் உடைந்திருந்தது. "அவங்கட விளையாட்டில மூலைல நிக்கிறவனைப் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்ல. தாங்க ஏலாட்டி நீயே தட்டலாம். கொழும்பில ஒவ்வொரு அடிக்கும் உன்ர தோளில கிடந்த துவாயைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்லுறது? உன்னை நம்பேல்ல எண்டா?"

லோஜனா தண்ணீர்ப் போத்தலை மூடி வைத்தாள்.

"குதிக்காலால தட்டினனான்," என்றான் டிலக்சன். "கண்டனியா?"

"கண்டன்."

"கண்ட உடனே எறிஞ்சனியா?"

லோஜனா கைத்தொலைபேசியை எடுத்தாள். "என்னட்ட வீடியோ இருக்கு. பாத்தாத் தெரியும்."

"பாக்கத் தேவையில்ல, தங்கச்சி," என்றான் நஸ்ரி. "ஏழு செக்கன். எண்ணினனான்."

டிலக்சன் அவனைப் பார்த்தான். வழக்கம்போல நஸ்ரி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கையை நீட்டினான். டிலக்சன் தன் கையை மடிக்கு இழுத்துக்கொண்டு, ஒட்டுநாடாவின் நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்து, தானே அவிழ்க்கத் தொடங்கினான்.